தீப்பிடிக்கத் தவறிய பெட்டி

அந்த நிறுவனம் தன் இருபத்திரண்டு ஆண்டு வாழ்க்கையில் இரண்டு முறை தீப்பிடித்தது. இரண்டு முறையும் அதற்கு விருது கிடைத்தது. முதல் தீயைப் பதினொரு நிமிடத்தில் அணைத்ததற்கு ஒரு கேடயம். இரண்டாவது தீயை எட்டே நிமிடத்தில் அணைத்ததற்கு அதைவிடப் பெரிய கேடயம். இரண்டையும் வரவேற்புக் கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் மூன்றாவது கேடயத்துக்கு இடம் விட்டு, காலியாகக் கிடந்த அந்த இடத்துக்கும் ஒரு குட்டி விளக்கு போட்டிருந்தார்கள்.

வெயிலிலும் காற்றிலும் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமித்து, இருட்டிய பிறகும் பயன்படும்படி செய்யும் பேட்டரிகளை உருவாக்குவது நிறுவனத்தின் வேலை என்று வாசல் பலகை சொன்னது. பேட்டரி செய்யும் பிரிவில் ஒன்பது பேர் இருந்தார்கள். பேட்டரி எரிந்தால் அணைக்கும் பிரிவில் அறுபத்து நான்கு பேர். அவர்களுக்கு இரண்டு சிவப்பு வண்டிகளும், ஒரு பெரிய மணியும், ஆண்டு விழாவில் அணிவகுக்க ஒரு வாத்தியக் குழுவும் உண்டு.

வில்லைக்காரர் அந்த ஒன்பது பேரில் ஒருவர். அவருக்கு வேறு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. சாதாரண பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கும். எரிவது அந்தத் திரவம்தான். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெல்லிய பீங்கான் வில்லையை வைத்தால், எரிவதற்கு ஒன்றும் இருக்காது. இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். செய்வதற்கு மூன்றரை வருடம் ஆயிற்று. முகத்துக்குப் போடும் பவுடரைவிட நைசாக அரைத்த தூளை அச்சில் கொட்டி, இயந்திரத்தால் அழுத்தி, உலையில் ஒரு பகல் முழுக்கச் சுட்டு எடுத்தால், பத்தில் ஏழு விரிசல் விட்டிருக்கும். மிச்சம் மூன்றை வில்லைக்காரர் காதருகே வைத்து நகத்தால் சுண்டுவார். 'ணிங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் குப்பை. இயந்திரம் கண்டுபிடிக்காத விரிசலை அவர் காது கண்டுபிடித்துவிடும். இந்தத் திறமைக்குப் பதவி உயர்வு விதிகளில் இடமில்லாததால், அவர் ஒப்பந்த ஊழியராகவே இருந்தார்.

இப்படி வில்லை வில்லையாகச் சேர்த்து, ஏழு பெட்டிகள் தேறின. ஒவ்வொன்றும் ஒரு சின்ன சூட்கேஸ் அளவு. எட்டாவது பெட்டியைத் தொடங்கும்போது, உலைக்குள் வெப்பம் உண்டாவதாகத் தீத்தணிப்புப் பிரிவு கண்டுபிடித்து, அதை மூடி முத்திரை வைத்துவிட்டது. ஆகவே உலகத்தில் அந்த மாதிரிப் பெட்டிகள் ஏழுதான்.

ஆறு பெட்டி சோதனைக்கு. ஏழாவது பெட்டி வில்லைக்காரரின் அக்காவுக்கு.

அக்கா நர்ஸ். மலைமேல் இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனையில் டாக்டர், கணக்கர், காவலாளி எல்லாம் அவள்தான். கூரைமேல் சூரியத் தகடுகள் இருந்தன. பகலில் தடுப்பூசி மருந்து வைக்கும் பிரிட்ஜ் ஓடும். வெயில் போனால் நின்றுவிடும். மறுநாள் காலையில் மருந்து வெதுவெதுப்பாக இருக்கும். அதைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. முன்பு ஒரு பேட்டரி கொடுத்திருந்தார்கள். அது பூரித்து, வயிறு வீங்கி, ஒரு மத்தியானம் எரிந்து, மருந்தறையின் பாதியைத் தின்றது. அக்கா பிரிட்ஜைத் தனியாளாக வெளியே இழுத்துப் போட்டாள். அதன்பிறகு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து அடிவாரத்திலிருந்து அன்றன்றைக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். இன்னும் ஆறு வாரத்தில் மழை பிடிக்கும். பிடித்தால் பாதை மூடிவிடும். நான்கு மாதம் மேலேயும் யாரும் போக முடியாது, கீழேயும் யாரும் வர முடியாது. அதற்குள் பெட்டி போனால்தான் அந்த மலைக் குழந்தைகளுக்கு இந்த வருடம் ஊசி.

பாதுகாப்புச் சான்றிதழ் கிடைத்ததும் ஏழாவது பெட்டியை அங்கே அனுப்பலாம் என்று இயக்குநரே கையெழுத்துப் போட்டிருந்தார். எரியாத பேட்டரிக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்குவதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது என்று வில்லைக்காரர் நினைத்தார். அவர் அதுவரை படிவம் பதினேழைப் பார்த்ததில்லை.

முதல் சோதனை பின்பக்க மைதானத்தில் நடந்தது. இரண்டு சிவப்பு வண்டிகளும் குழாயை நீட்டித் தயாராக நின்றன. தீத்தணிப்புத் தலைவர் பதக்கங்களோடு வந்திருந்தார். அவர் நடந்தால் மாட்டு வண்டி வருவதுபோல் சத்தம் கேட்கும். இயந்திரம் ஒரு முழ நீள ஆணியைப் பெட்டிக்குள் இறக்கியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காகம் வந்து ஆணியின்மேல் உட்கார்ந்தது.

"என்னப்பா, ஆணி உள்ள போச்சா இல்லையா?" என்றார் தலைவர்.

"போயிடுச்சு சார். அந்தப் பக்கமா வெளியவே வந்திருக்கு," என்றார் வில்லைக்காரர்.

"அப்புறம் ஏன் சும்மா இருக்கு?"

"அது சும்மா இருக்கணும்னுதான் சார் மூணரை வருஷம் பாடுபட்டோம்."

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "புகையாவது?"

"இல்ல சார்."

"லேசா ஒரு கருகல் வாசனை?"

"உங்க வண்டியோட டீசல் வாசனைதான் சார் வருது."

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். குழாய் பிடித்திருந்தவர்களுக்குக் கை மரத்துப்போனது. கடைசியில் தட்டச்சர் கம்ப்யூட்டரைத் திறந்து படிவம் பதினேழை நிரப்ப உட்கார்ந்தார். அதில் நான்கே கேள்விகள்: எத்தனையாவது நிமிடத்தில் தீப்பிடித்தது? சுடரின் நிறம் என்ன? எத்தனை நிமிடத்தில் அணைக்கப்பட்டது? அணைத்தவர் யார்? பத்து நிமிடத்துக்குள் அணைந்திருந்தால் பேட்டரி பாதுகாப்பானது, இல்லாவிட்டால் இல்லை.

தட்டச்சர் பூஜ்யம் போட்டார். பூஜ்யத்தைவிடப் பெரிய எண் தேவை என்று கம்ப்யூட்டர் சிவப்பில் சொன்னது.

"தீப்பிடிக்கலன்னு எழுதுங்களேன்," என்றார் விஞ்ஞானி. அந்தப் பேட்டரியின் சூத்திரம் அவருடையது. நரைத்த கொண்டையில் பென்சில் செருகி வைத்திருக்கும் பெண்மணி. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும்.

"அதுக்கு இடமில்ல மேடம். எப்ப பிடிச்சதுன்னுதான் கேக்குது. பிடிச்சதான்னு கேக்கவே இல்ல."

"அப்ப கட்டத்தைக் காலியா விடுங்க."

"காலியா விட்டா சோதனை முழுமையடையலன்னு வரும் மேடம்."

அப்படித்தான் வந்தது. அன்று மாலை தீத்தணிப்பு வீரர்கள் வண்டியைக் கழுவாமலேயே வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு மனசு சரியில்லை.

இயக்குநர் விசாரணைக் குழுவைக் கூட்டினார். நீளமான மேஜை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கோப்பு, உறைபிரிக்காத ஒரு பேனா. வில்லைக்காரருக்குக் கதவோரம் ஒரு நாற்காலி கிடைத்தது.

"நான் பாதுகாப்புக்கு எதிரி இல்ல," என்று இயக்குநர் ஆரம்பித்தார். அவருக்கு உருண்டையான குரல். ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பதுபோல் வைப்பார். "ஆனா பாதுகாப்புன்னா என்னன்னு யோசிக்கணும். ஆபத்து வருது. நாம தடுக்கறோம். அதுக்குப் பேருதான் பாதுகாப்பு. ஆபத்தே வராத இடத்துல பாதுகாப்பு எங்கேருந்து வரும்? அங்க இருக்கறது வெறும் அமைதி. அமைதிக்கு நாம சான்றிதழ் குடுக்க முடியாது. அது வேற துறை."

மேஜையைச் சுற்றித் தலைகள் ஆடின.

தீத்தணிப்புத் தலைவர் எழுந்தார். பதக்கங்கள் அடங்கும்வரை ஒரு கணம் பொறுத்தார். "நான் படிச்சவன் இல்ல, அனுபவத்துல பேசறேன். பழைய பேட்டரி மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. அது எப்படி எரியும்னு தெரியும், எப்படி அணையும்னு தெரியும். எங்களுக்குப் பழகின தீ அது. இது எரியவே எரியாதுங்கறாங்க. சரி, ஒருநாள் எரிஞ்சுடுச்சுன்னு வைங்க. அணைச்சுப் பழக்கமே இல்லாம நாங்க என்ன பண்ணுவோம்? இப்படி ஒரு ஆபத்தான பொருளை வெளிய விடலாமா?"

"எரியாதது ஆபத்தா?" என்று விஞ்ஞானி மிக மெதுவாகக் கேட்டார்.

"மேடம், என்கிட்ட அறுபத்து நாலு குடும்பம் இருக்கு," என்றார் தலைவர். விஞ்ஞானி கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, மறுபடி அங்கேயே செருகிக்கொண்டார்.

சோதனையைத் தீவிரப்படுத்துவது என்று முடிவாயிற்று.

இரண்டாவது பெட்டியில் மூன்று நாள் விடாமல் மின்சாரம் ஏற்றினார்கள். அது கதகதப்பாயிற்று. வீரர் ஒருவர் ஈரக் கையுறைகளை அதன்மேல் காயப்போட்டார். மூன்றாவது பெட்டியை மொட்டைமாடியிலிருந்து தள்ளினார்கள். கீழே தளக்கல் இரண்டாகப் பிளந்தது. தளக்கல்லைப் பாதுகாப்பற்றது என்று பதிவு செய்தார்கள். நான்காவது பெட்டியின்மேல் சிவப்பு வண்டியையே ஏற்றினார்கள். பெட்டி நசுங்கியது, எரியவில்லை. வண்டியின் டயர் வெடித்தது. தலைவர் வில்லைக்காரரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ஏதோ அவர் வேண்டுமென்றே டயரைக் கடித்துவிட்டது போல இருந்தது.

ஐந்தாவது பெட்டியை மண்ணெண்ணெய்த் தொட்டிக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பிரமாதமான தீ. வாத்தியக் குழு வாசித்தது. ஆறு நிமிடத்தில் அணைத்து, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எரிந்தது மண்ணெண்ணெய்தான், பெட்டி இல்லை என்று தணிக்கையாளர் எழுந்து ஆட்சேபித்தார். குழு நேர்மையான குழு. கொண்டாட்டத்தைப் பாதியில் நிறுத்தி, முடிவை ரத்து செய்தது. பொய்யான தீயைக் காட்டிச் சான்றிதழ் வாங்குகிற ஈனப் புத்தி அங்கே யாருக்கும் இல்லை என்று இயக்குநர் நா தழுதழுக்கச் சொன்னார்.

ஆறாவது பெட்டியை வெளியூரிலிருந்து வந்த நிபுணரிடம் கொடுத்தார்கள். அவர் ரம்பத்தால் அறுத்துத் திறந்தார். பெரிய டார்ச் விளக்கோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"திரவம் எங்க?"

"திரவம் கிடையாது சார்," என்றார் வில்லைக்காரர்.

நிபுணர் டார்ச்சை அணைத்தார். "கோளாறு அதுதான். எரியறதுக்கு உள்ள ஒண்ணுமே வைக்காம, எரியல எரியலன்னா எப்படி? அரை லிட்டர் ஊத்துங்க. பிரச்சினை தீர்ந்துடும்."

"அது இல்லாம பண்றதுதான் எங்க வேலை," என்றார் விஞ்ஞானி.

"உங்க வேலை என்னன்னு குழு முடிவு பண்ணும் மேடம். உங்க பேட்டரியில என்ன குறைன்னு மட்டும்தான் நான் சொல்ல வந்தேன்."

மறுநாள் மத்தியானம் அக்கா போனில் கூப்பிட்டாள். பின்னணியில் ஒரு குழந்தை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"என்னடா தம்பி, பெட்டி எப்ப வரும்? இங்க மேகம் கட்ட ஆரம்பிச்சாச்சு."

"கொஞ்சம் சிக்கல்க்கா. சோதனையில பெயிலாயிடுச்சு."

"அய்யய்யோ. வெடிச்சிடுச்சா?"

"இல்ல."

"எரிஞ்சு போச்சா?"

"அதான் இல்ல."

"பின்ன என்னடா?"

"எரியலன்னுதான்க்கா பெயில்."

பின்னணியில் குழந்தைகூடக் கத்துவதை நிறுத்திவிட்டது.

"நீ நேரத்துக்குச் சாப்பிடறியா?" என்று அக்கா மெல்லக் கேட்டாள். "தலை சுத்துது, மயக்கம் வருதுன்னு ஏதாவது இருக்கா? மறைக்காம சொல்லு."

"நான் நல்லாத்தான்க்கா இருக்கேன்."

"அப்ப அங்க வேற யாருக்குடா உடம்பு சரியில்ல?"

வில்லைக்காரர் யோசித்துப் பார்த்தார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

மிச்சமிருந்தது ஏழாவது பெட்டி. அதையும் சோதனைக்கு எடுத்துக்கொள்வதாகவும், இம்முறை சிறப்பு விருந்தினரை அழைத்து விழாவாகவே நடத்துவதாகவும் சுற்றறிக்கை வந்தது. வில்லைக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக இயக்குநரின் அறைக்குள் தானாகப் போனார். கால்கள் தரைவிரிப்பில் புதைந்தன.

"சார், அது மலைமேல ஆஸ்பத்திரிக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டது. குழந்தைங்களுக்கான மருந்து சார்."

"அதனாலதான் சோதிக்கறோம். சோதிக்காத பேட்டரியைக் குழந்தைங்க இருக்கற இடத்துக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

"சோதிச்சா பெட்டி இருக்காதே சார்."

"சான்றிதழ் இருக்குமே." இயக்குநர் அவர் முதுகில் தட்டினார். "அதைக் கொண்டுபோய் அக்காகிட்ட குடுங்க. சந்தோஷப்படுவாங்க."

விழா காலை பத்து மணிக்கு. மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். நடுவில் நீலத் துணி விரித்த மேஜைமேல் ஏழாவது பெட்டி, ஒரு மாலையுடன். பக்கத்தில் வெல்வெட் தட்டில், தங்க முலாம் பூசிய பெரிய ஊசி. அதற்குள் நிபுணர் பரிந்துரைத்த அரை லிட்டர் திரவம். சிறப்பு விருந்தினர் அதைப் பெட்டிக்குள் செலுத்தி, பொத்தானை அழுத்துவார். அவர் அமைச்சகத்திலிருந்து வந்த பெரிய மனிதர். நெருப்பு என்றால் பயம் என்று காரிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டதால், அவர் கையில் ஒரு குடையைக் கொடுத்திருந்தார்கள்.

வில்லைக்காரர் மேடையின் ஓரத்தில் நின்றார். திரவம் உள்ளே போன மறுகணம் வில்லைகள் கெட்டுப்போகும். எந்த வில்லை எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுகூட அவருக்கு மனப்பாடம்.

"கண்ணை மூடிக்கோங்க," என்றார் அருகில் நின்ற விஞ்ஞானி. "நான் அப்படித்தான் பண்ணப்போறேன்."

இயக்குநர் பேசத் தொடங்கினார். நிறுவனத்தின் வரலாறு. முதல் தீ. இரண்டாம் தீ. இரண்டுக்கும் நடுவே வந்த இருண்ட காலம், அதாவது எதுவுமே எரியாத பதினொரு வருடங்கள். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. மேடைக்குப் பின்னால் வெட்டவெளியில், ஒலிபெருக்கிக்குக் கொண்டுவந்து வைத்திருந்த சாதாரண பேட்டரி ஒன்று இருந்தது. அதன் விலா மெல்ல உப்பிக்கொண்டிருந்ததை மைக் செட் போட்டவர் மட்டும் கவனித்தார். இயக்குநரின் பேச்சை இடையில் நிறுத்தக்கூடாது என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆகவே அவர் தன் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

எழுபதாவது நிமிடத்தில் இயக்குநர், "நம் நெஞ்சில் என்றும் அணையாத..." என்று சொல்லும்போது, அவருக்குப் பின்னால் படீர் என்றது.

ஓர் ஆள் உயரத்துக்குச் சுடர். கரும்புகை. விருந்தினர் குடையை விரித்துக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்தார். போகிற போக்கில் அவர் முழங்கை தட்டி வெல்வெட் தட்டு சரிய, தங்க ஊசி கீழே உருண்டு, திரவம் முழுவதையும் மண் குடித்தது. பெட்டி இருந்த இடத்திலேயே, மாலை கலையாமல், இருந்தது.

அறுபத்து நான்கு பேரும் பாய்ந்தார்கள். மணி அடித்தது. குழாய்கள் சீறின. இத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. சிலர் அழுதுகொண்டே அணைத்தார்கள். முன்வரிசையில் பாதிப்பேர் நனைந்து நின்றார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார்: "மூணு நிமிஷம் நாப்பது செகண்ட்!"

கைதட்டல் ஓயவில்லை. தட்டச்சர் அங்கேயே உட்கார்ந்து படிவம் பதினேழை நிரப்பினார். எழுபதாவது நிமிடம். நீலம் கலந்த ஆரஞ்சு. மூன்று நிமிடம் நாற்பது நொடி. தீத்தணிப்புத் தலைவர். கம்ப்யூட்டர் பச்சை நிறத்தில் 'பாதுகாப்பானது' என்றது. வில்லைக்காரர் அந்தச் சொல்லை அந்தத் திரையில் பார்ப்பது அதுவே முதல் முறை.

"எரிஞ்சது ஒலிபெருக்கி பேட்டரி," என்றார் விஞ்ஞானி.

தட்டச்சர் படிவத்தை மேலும் கீழும் தேடிப் பார்த்தார். "எது எரிஞ்சதுன்னு கேள்வி இல்லையே மேடம். தலைப்புல பெட்டி எண் ஏழுன்னு காலையிலயே அடிச்சாச்சு."

"அன்னிக்கு மண்ணெண்ணெய் விஷயத்துல அவ்வளவு நேர்மையா இருந்தீங்களே?"

"அது மண்ணெண்ணெய் மேடம்," என்றார் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த இயக்குநர், பொறுமையாக. "இது பேட்டரி. எரிஞ்சது பேட்டரி, சோதிச்சது பேட்டரி. இதுல எங்க பொய் இருக்கு?"

அன்று பிற்பகலே ஏழாவது பெட்டி, ஆவணப்படி, எரிந்து சாம்பலாகிவிட்டது. சாம்பலை வளாகத்துக்குள் வைத்திருப்பது தீத்தணிப்பு விதிகளின்படி குற்றம். பெட்டியைச் செய்தவர்களே அதை ஒரு நாளுக்குள் வெளியேற்ற வேண்டும் என்று வில்லைக்காரர் பேருக்கு உத்தரவு வந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, சாம்பலின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

வாசல் காவலர் உத்தரவுச் சீட்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"அண்ணே, சீட்டுல சாம்பல்னு போட்டிருக்கு."

"ஆமாம்பா."

"பளபளன்னு இருக்கே?"

"சான்றிதழும் இருக்கு. பாரு."

காவலர் சான்றிதழைப் படித்தார். இயக்குநரின் கையெழுத்து, தலைவரின் கையெழுத்து, முத்திரை. பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்தார். "சாம்பல் இந்தக் கனம் கனக்குமா?"

"மூணரை வருஷத்துச் சாம்பல்பா."

"எங்க கொட்டப் போறீங்க? புத்தகத்துல எழுதணும்."

"மலைமேல. ஆஸ்பத்திரியில."

காவலர் அப்படியே எழுதிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார்.

வில்லைக்காரர் இரண்டு பஸ் மாறி, கடைசி நான்கு மைல் ஏறி, அக்காவின் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கூடக் கேட்டாள். "இது பூரிக்குமா?" என்றாள்.

"பூரிக்காது."

"எரியுமா?"

"ஏற்கனவே எரிஞ்சுடுச்சாம்."

"உளறாம கம்பியை மாட்டு."

மாட்டினார். பகல் முழுக்கக் கூரைத் தகடுகள் பெட்டியை நிரப்பின. மறுநாள் காலையில் அக்கா பிரிட்ஜ் கதவைத் திறந்தபோது, உள்ளே இருந்து சில்லென்று காற்று வந்து அவள் முகத்தில் அடித்தது. வெப்பமானியில் ஐந்து டிகிரி. ஒவ்வொரு குப்பியாகக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். மறுபடி திறந்து இன்னொரு தடவை பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "வரிசையா நிக்கத் தெரியாதா உங்களுக்கெல்லாம்?" என்று சத்தம் போட்டாள்.

ஒன்பதாம் நாள் நிறுவனத்திலிருந்து தபால் வந்தது. வாசல் பதிவேட்டைப் பரிசீலித்ததில், சாம்பல் மருத்துவமனை ஒன்றில் இருப்பது தெரிய வந்ததாம். அணைத்த பேட்டரி மீண்டும் தீப்பிடிக்கக்கூடும் என்பது உலகறிந்த உண்மை. அதைக் கண்காணிக்க ஒருவர் சாம்பலின் அருகிலேயே இருக்க வேண்டும். எனவே வில்லைக்காரர் 'மறுதீ எதிர்நோக்கு அலுவலர்' ஆக நியமிக்கப்படுகிறார். மறுதீ ஏற்படும் நாள்வரை பணி நீடிக்கும். அதுவரை நிரந்தர ஊழியருக்குரிய எல்லாச் சலுகைகளும் உண்டு. தினமும் அறிக்கை அனுப்ப வேண்டும். மறுதீ ஏற்பட்டால் மூன்றாவது கேடயத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், தீத்தணிப்புப் பிரிவு ஆவலோடு இருக்கிறது.

கடிதத்தின் கீழே பென்சிலில் விஞ்ஞானியின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'ஆயுள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டிவரும் என்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.'

வில்லைக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து தீயை எதிர்நோக்கினார். சும்மா உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. முதல் நாளே, திமிறும் குழந்தைகளின் காலைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அவருக்குக் கொடுத்தாள். மாலையில் அவர் அறிக்கை எழுதி, கீழே இறங்குபவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்: 'இன்று மறுதீ இல்லை. பிரிட்ஜ் ஐந்து டிகிரியில் உள்ளது. முப்பத்தொரு குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது.'

பதில், மழை பிடித்துப் பாதை மூடுவதற்கு முந்தின நாள், கடைசித் தபாலில் வந்தது. வில்லைக்காரர் மடியில் ஒரு குழந்தையை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் பிரித்துப் படித்தார். குழந்தைகள், பிரிட்ஜ் பற்றிய விவரங்கள் படிவத்தில் கேட்கப்படவில்லை என்பதால் நீக்கப்பட்டன என்று அதில் இருந்தது. தீ ஏற்படாதது குறித்து நிர்வாகம் வருந்துகிறது. ஆயினும் ஒரு நாள் தோல்வியைக் கண்டு அலுவலர் மனம் தளரத் தேவையில்லை. முயற்சியைத் தொடரவும்.

"என்னவாம்?" என்றாள் அக்கா, ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே.

"மனசு தளரக் கூடாதாம்."

"சரி. காலை இறுக்கிப் பிடி. இது உதைக்கிற பிள்ளை."